பிள்ளையோடு போனவர் திரும்பவில்லையா? நெல்லைப் பக்கத்துக் குடும்பங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

ஆடிக் கோயில் கொடைக்கு என்று லண்டனிலிருந்து பிள்ளைகளோடு கிளம்பி வந்தவர், ஆவணி பிறந்தும் திரும்பாமல் பாளையங்கோட்டை ஸ்கூல் ஒன்றில் அட்மிஷன் போட்டுவிடுகிறார். இல்லையென்றால் இப்படி: வள்ளியூரில் அம்மாவோடு இருக்கும் பையனை "ரெண்டு நாள் என்கூட இருக்கட்டும்" என்று கூட்டிப்போன அப்பா, மறுநாள் விடிவதற்குள் திருவனந்தபுரத்தில் துபாய் விமானம் ஏறிவிடுகிறார். இரண்டுமே பெற்றோரில் ஒருவர் மற்றவர் சம்மதமில்லாமல் பிள்ளையை நாடு விட்டு நாடு கொண்டுபோகும் விவகாரம்தான். அயல்நாட்டில் பிழைப்பு இல்லாத குடும்பம் இந்தப் பக்கம் குறைவு என்பதால் இது எங்கோ நடக்கிற சங்கதி இல்லை.

ஒரே ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே தகராறு என்றால் பெரியப்பா, தாய்மாமன், சங்கத் தலைவர், ஜமாஅத், பங்குச் சாமியார் என்று ஆட்களை வைத்துப் பேசுவதுதான் வழக்கம். பேசுங்கள், தப்பே இல்லை. ஆனால் "பேசிக்கிட்டு இருக்கோம், கேஸ் போட்டா கோவிச்சுக்குவாங்க" என்று மனுவைத் தள்ளிப்போடாதீர்கள். பேச்சு ஒரு பக்கம் நடக்கட்டும், மனு ஒரு பக்கம் நடக்கட்டும். ஏன் என்பது கீழே வரும்.

சட்டம் எங்கே நிற்கிறது

1980ல் ஹேக் நகரில் ஓர் உடன்படிக்கை போட்டார்கள். பதினாறு வயதுக்கு உட்பட்ட பிள்ளையை ஒரு நாட்டிலிருந்து தப்பாகக் கொண்டுபோனாலோ திருப்பி அனுப்பாமல் வைத்துக்கொண்டாலோ, பிள்ளை வழக்கமாக வாழ்ந்த நாட்டுக்கே அனுப்பிவிட வேண்டும், யாரிடம் வளர வேண்டும் என்பதை அந்த நாட்டு நீதிமன்றம் முடிவு செய்துகொள்ளும் என்பது அதன் சாரம். ஒரு வருடத்துக்குள் மனு போட்டால் திருப்பி அனுப்புவதுதான் விதி, பிள்ளைக்குக் கடுமையான ஆபத்து போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் இதில் சேர்ந்திருக்கின்றன. அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, சிங்கப்பூர், இலங்கை எல்லாம் உண்டு.

இந்தியா இல்லை. சேரலாம் என்று சட்ட ஆணையம் 2009லேயே பரிந்துரைத்தது, 2016ல் ஒரு மசோதா வரைவு வந்தது, நீதிபதி ராஜேஷ் பிந்தல் தலைமையிலான குழு 2018ல் அறிக்கை கொடுத்தது. அதோடு சரி. குடும்ப வன்முறையிலிருந்து பிள்ளையோடு தப்பி வரும் இந்தியப் பெண்களை அப்படியே திருப்பி அனுப்ப வேண்டிவருமே என்பது எதிர்த்தவர்கள் சொன்ன முக்கியக் காரணம், அதில் நியாயமும் இருக்கிறது. ஐக்கிய அரபு அமீரகம், சவூதி, கத்தார், குவைத், மலேசியா ஆகியவையும் இதில் இல்லை. இரண்டு பக்க நாடுகளும் சேர்ந்திருந்தால்தான் உடன்படிக்கை வேலை செய்யும் என்பதால், பிள்ளை சிங்கப்பூரிலிருந்து அம்பாசமுத்திரம் வந்தாலும் சரி, அம்பாசமுத்திரத்திலிருந்து சிங்கப்பூர் போனாலும் சரி, ஹேக் வழி நமக்குக் கிடையாது. அந்த வழியில் மனு போட்டுத் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

முதல் படி: அன்றைக்கே செய்ய வேண்டியது

போனில் சண்டை போடாதீர்கள். ஒரே ஒரு செய்தி, நிதானமாக, எழுத்தில் அனுப்புங்கள்: பிள்ளை இன்ன தேதிக்குள் திரும்பிவர வேண்டும் என்றுதான் பயணத்துக்குச் சம்மதித்தேன், அதற்கு மேல் அங்கே இருக்க எனக்குச் சம்மதமில்லை. இவ்வளவு போதும். கோபத்திலோ அலுப்பிலோ "சரி, இந்த வருஷம் அங்கேயே படிக்கட்டும், நீயே பாத்துக்க" என்று தட்டிவிட்டீர்களானால், அந்த ஒரு வரியை எதிர்த்தரப்பு வக்கீல் கோர்ட்டில் இரண்டு தடவை வாசிப்பார். நீங்களே ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும்.

அப்புறம் காகிதங்கள். பிள்ளையின் பாஸ்போர்ட் நகல், பிறப்புச் சான்றிதழ், திரும்பும் தேதியோடு எடுத்த டிக்கெட், விசா அல்லது ஓசிஐ (வெளிநாட்டு இந்தியக் குடிமகன் அட்டை) விவரம், அங்கே படித்த ஸ்கூலின் கடிதமும் வருகைப் பதிவும், தடுப்பூசி அட்டை, டாக்டர் குறிப்புகள், ஏற்கெனவே உள்ள கோர்ட் உத்தரவுகள். இதில் தலையானது திரும்பும் டிக்கெட்தான், வெறும் விடுமுறைக்குத்தான் வந்தார்கள் என்பதை அதைவிட நன்றாகச் சொல்கிற சாட்சி இல்லை. வாட்ஸ்அப் உரையாடலை முழுதாக எடுத்து வையுங்கள், உங்களுக்குச் சாதகமான நாலு வரியை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் மீதியை எதிர்த்தரப்பு கொண்டுவரும். மின்னணுச் சாட்சியத்தை இங்கே தாக்கல் செய்ய பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழும் வேண்டும், ஆகவே பழைய போனை விற்றுவிடாதீர்கள்.

இரண்டாம் படி: நீங்கள் இருக்கும் நாட்டில் உத்தரவு வாங்குங்கள்

பிள்ளை வெளிநாட்டிலிருந்து இங்கே கொண்டுவரப்பட்டிருந்தால், அங்குள்ள குடும்ப நீதிமன்றத்தில், பிள்ளையைத் திருப்பி அனுப்பச் சொல்லி உடனே மனு போட வேண்டும். பிரிட்டனில் சம்மதமில்லாமல் பிள்ளையை வெளியே கொண்டுபோவது 1984ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், அமெரிக்காவில் 1993ஆம் ஆண்டுச் சட்டப்படி மூன்று வருடம் வரை சிறை. கிரிமினல் புகார் கொடுக்கும் முன் மட்டும் ஒரு தடவை யோசியுங்கள். அங்கே வாரண்ட் இருந்தால், "திரும்பிப் போனால் விமான நிலையத்திலேயே என்னைக் கைது செய்வார்கள், பிள்ளையோடு எப்படிப் போவேன்" என்று எதிர்த்தரப்பு இங்கே வாதாடும், நீதிபதிகளும் அதைக் காதில் வாங்குவார்கள். சிவில் உத்தரவு முதலில், கிரிமினல் வழி வேறு வழியே இல்லாதபோது என்பது என் கருத்து.

பிள்ளை அந்த நாட்டுக் குடிமகன் என்றால் சென்னையில் உள்ள அவர்கள் தூதரகத்துக்கு எழுதுங்கள். பிள்ளை எப்படி இருக்கிறது என்று நலம் விசாரிக்க முயல்வார்கள். பிள்ளையை மீட்டுத் தர மாட்டார்கள், அது அவர்கள் வேலையும் இல்லை.

மூன்றாம் படி: மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனு

பிள்ளை திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டங்களில் எங்கே இருந்தாலும் போக வேண்டிய இடம் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. அரசியல் சாசனத்தின் 226ஆம் பிரிவில் போடுகிற ஆட்கொணர்வு மனுதான், ஹேபியஸ் கார்பஸ் என்பார்கள், இருப்பதில் வேகமான வழி. பெற்ற தாயிடமோ தகப்பனிடமோ இருக்கிற பிள்ளைக்கு இந்த மனு செல்லுமா என்ற கேள்விக்கு உச்ச நீதிமன்றம் செல்லும் என்றே பல தடவை சொல்லியிருக்கிறது.

நீங்கள் வெளிநாட்டில் மாட்டிக்கொண்டிருந்தால் உங்களுக்காக ஆச்சியோ தாத்தாவோ சித்தப்பாவோ மனுதாரராகப் போடலாம். பவர் பத்திரம் எழுதுவதாக இருந்தால் அங்கே நோட்டரி, அப்போஸ்டில் (வேறு நாட்டில் செல்லுபடியாக அந்த நாட்டு அரசு தரும் சான்று) முடித்தோ இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கியோ அனுப்புங்கள். அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். இதை விட்டுவிட்டு அலைகிறவர்கள் நிறைய. வெளிநாட்டு உத்தரவுகளின் நகலுக்கும் அப்போஸ்டில் வேண்டும், அமீரகம் போல அந்த ஏற்பாட்டில் இல்லாத நாடு என்றால் தூதரக வழியாகச் சான்றொப்பம்.

மனுவுக்கு முன் போலீஸில் ஒரு புகார் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அதிலிருந்து பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். பெற்றோரே இயற்கைக் காப்பாளர் என்பதால், கோர்ட் உத்தரவு எதையும் மீறாதவரை கடத்தல் வழக்கு என்று பதிவு செய்யப் பெரும்பாலும் தயங்குவார்கள். "இது குடும்ப விஷயம், ரெண்டு பேரும் உக்காந்து பேசுங்க" என்று எழுதி முடித்துவிடுவார்கள். அந்த ரசீதே மனுவுக்கு ஓர் இணைப்பு.

மனுவில் பிள்ளையை ஆஜர்படுத்தச் சொல்வதோடு நிறுத்தக் கூடாது. இடைக்காலமாக மூன்று கேளுங்கள்: பிள்ளையின் பாஸ்போர்ட்டை கோர்ட்டில் ஒப்படைக்க வேண்டும், கோர்ட் எல்லையை விட்டுக் கொண்டுபோகக் கூடாது, வழக்கு முடியும்வரை தினமும் வீடியோ காலில் பேச விட வேண்டும். மூன்றாவதை அலட்சியம் செய்யாதீர்கள். பிள்ளைக்குப் பெற்றோர் இருவரின் தொடர்பும் உரிமை என்றும், நேரில் பார்க்க முடியாதவருக்கு வீடியோ காலாவது வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் 2020ல் சொல்லியிருக்கிறது. ஆறு மாதம் முகம் பார்க்காத சின்னப் பிள்ளை உங்களைக் கண்டதும் ஆச்சி சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டால், கோர்ட் ஹாலில் அதைவிடப் பாதகமான காட்சி உங்களுக்கு வேறு இல்லை.

நீதிபதி எதைப் பார்ப்பார்

இங்கேதான் வெளிநாட்டு உத்தரவோடு வருகிறவர்கள் ஏமாறுகிறார்கள். "அமெரிக்க கோர்ட்டே கஸ்டடி எனக்குத்தான்னு சொல்லிருச்சு அண்ணாச்சி, இங்க வந்து காட்டினா போதும்ல?" என்று கேட்பார்கள். போதாது. கோயம்புத்தூருக்கு அழைத்துவரப்பட்ட இரண்டு பெண் பிள்ளைகள் வழக்கில் 2015ல், முதலில் உத்தரவு போட்ட பிரிட்டிஷ் நீதிமன்றத்துக்கு மதிப்புக் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மை. ஆனால் 2017 ஜூலையில் மூன்று நீதிபதி அமர்வு அந்தப் பார்வையை ஒதுக்கிவிட்டு, வெளிநாட்டு உத்தரவு கவனிக்க வேண்டியவற்றில் ஒன்று மட்டுமே, பிள்ளையின் நலன்தான் எல்லாவற்றுக்கும் மேலே என்று தீர்த்தது. இன்றுவரை வண்டி அந்தத் தடத்தில்தான் ஓடுகிறது.

அந்தத் தீர்ப்பின்படி நீதிமன்றம் சுருக்க விசாரணையும் செய்யலாம், விரிவான விசாரணையும் செய்யலாம். பிள்ளை வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது, இங்கே இன்னும் வேர் பிடிக்கவில்லை, உடனே வந்து கேட்கிறீர்கள் என்றால் சுருக்கமாக விசாரித்துத் திருப்பி அனுப்ப வாய்ப்பு அதிகம். ஒரு வருடம், ஒன்றரை வருடம் ஓடி, பிள்ளை தமிழ் மீடியத்திலோ மெட்ரிகுலேஷனிலோ அடுத்த வகுப்புக்குப் போய், தெருவில் சேக்காளிகள் சேர்ந்து, அங்கே பேசின இங்கிலீஷ் உச்சரிப்பே மாறிப்போயிருந்தால், விரிவான விசாரணைக்குள் போய்விடும், அப்போது பிள்ளையைப் பிடுங்கி அனுப்புவதுதான் கெடுதல் என்று வாதம் திரும்பிவிடும். பெரியவர்கள் பேச்சுவார்த்தை தின்றுவிடும் மாதங்களைப் பற்றி மேலே எச்சரித்தது இதற்குத்தான். சமாதானம் பேசிக்கொண்டிருந்தோம் என்பது தாமதத்துக்கு விளக்கம் ஆகலாம், பிள்ளை பிடித்துவிட்ட வேரை அது திரும்பப் பிடுங்காது.

அதற்காக நாள் கடந்தாலே தோல்வி என்றும் இல்லை. 2009ல் தீர்ந்த ஒரு வழக்கில் தாய், பிள்ளையை ஊர் ஊராக, ஸ்கூல் மாற்றி ஸ்கூலாக மறைத்துவைத்து, கடைசியில் சிபிஐ தேடி சென்னையில் கண்டுபிடித்தது. இரண்டு வருடம் ஆகியும் பிள்ளை எங்கேயும் நிலைகொள்ளவில்லை என்று பார்த்து அமெரிக்காவுக்கே அனுப்பச் சொன்னார்கள். 2022ல் தமிழ்நாடு சம்பந்தப்பட்ட வழக்கு ஒன்றில், ஒஹாயோவிலிருந்து தகப்பன் கூட்டிவந்த பிள்ளைகளையும் உச்ச நீதிமன்றம் திருப்பி அனுப்பியது. பிள்ளையின் குடியுரிமை, எங்கே பிறந்து வளர்ந்தது, விசா காலாவதியா, எந்த மொழியில் இயல்பாகப் பேசுகிறது, பெற்றோரில் யாரால் யாருக்கு ஆபத்து என்று எல்லாமே தராசில் ஏறும்.

பெரும்பாலும் நீதிபதி பிள்ளையைத் தன் அறைக்குக் கூப்பிட்டுத் தனியாகப் பேசுவார். சொல்லிக்கொடுத்துக் கூட்டிப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ஏழு வயதுப் பிள்ளை "அம்மாவுக்குத்தான் கஸ்டடி வேணும்" என்று சொன்னால், கஸ்டடி என்ற சொல்லை அது எங்கே கற்றது என்று நீதிபதிக்குத் தெரியும். காலையில் யார் தலை சீவிவிடுவாங்க, ஹோம்வொர்க் யார் கூட உக்காந்து செய்வ, ராத்திரி பயம் வந்தா யாரைக் கூப்பிடுவ என்று கேட்கும்போது வருகிற பதிலைத்தான் அவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

குடும்ப நீதிமன்றம் எதற்கு

ஆட்கொணர்வு மனு, பிள்ளை இப்போதைக்கு எங்கே போக வேண்டும் என்று சொல்லும். நிரந்தரமாக யாரிடம் என்பதற்கு காப்பாளர் மற்றும் காப்புப் பிள்ளைகள் சட்டம் 1890ன்படி மனு. பிள்ளை வழக்கமாக வசிக்கும் இடத்து நீதிமன்றத்தில்தான் போட முடியும் என்று அதன் 9ஆம் பிரிவு சொல்வதால், போன மாதம் வந்திறங்கிய பிள்ளைக்கு இங்கே வழக்கமான வசிப்பிடமா என்பதே முதல் சண்டையாக இருக்கும். இந்துக்களுக்கு 1956ஆம் ஆண்டுச் சட்டப்படி ஐந்து வயது முடியாத பிள்ளை பொதுவாகத் தாயிடம். முஸ்லிம் குடும்பங்களுக்குத் தனிச்சட்டம் உண்டு. எந்த மதமானாலும் கடைசியில் பிள்ளையின் நலன்தான். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச உதவி உண்டு.

பிள்ளை இங்கிருந்து வெளியே போய்விட்டால்

இது கஷ்டமான பக்கம், ஒளிக்காமல் சொல்கிறேன். நம் கோர்ட் உத்தரவு வளைகுடா நாட்டில் தானாகச் செல்லாது, அங்கேயே ஒரு வக்கீலைப் பிடித்து அங்குள்ள கோர்ட்டில் கேட்க வேண்டும். ஆனாலும் இங்கே உத்தரவு வாங்கிவிடுங்கள், அது இல்லாமல் அங்கே பேசவே முடியாது. வெளியுறவுத் துறையின் 'மதத்' (MADAD) என்ற புகார் இணையதளத்தில் பதிந்து, அந்த நாட்டு இந்தியத் தூதரகத்துக்கு நகல் அனுப்புங்கள். பிள்ளை எந்த நாட்டில் என்றே தெரியாவிட்டால் சிபிஐ வழியாக இன்டர்போலின் மஞ்சள் அறிவிப்பு கேட்கலாம், காணாமல் போனவர்களைத் தேடுவதற்கானது அது.

நடைமுறையில் பிடி கொடுப்பது வேறு. போனவருக்கு ஊரில் வீடு, வயல், வயதான அப்பா அம்மா, வருடாவருடம் கொடைக்கு வரும் ஆசை எல்லாம் இருக்கும். கோர்ட் உத்தரவை மீறினால் அவமதிப்பு வழக்கு வரும், சொத்து முடக்கம் வரும், பாஸ்போர்ட் சட்டம் 1967ன் 10ஆம் பிரிவின்படி இந்திய பாஸ்போர்ட்டையே முடக்கக் கேட்கலாம். பாஸ்போர்ட் போனால் வளைகுடாவில் வேலையும் விசாவும் ஆட்டம் காணும் என்று அவருக்குத் தெரியும். பல வழக்குகள் இந்த இடத்தில்தான் இறங்கிவருகின்றன.

இன்னும் போகவில்லை, பயம்தான் என்றால்

சிறு பிள்ளைக்கு பாஸ்போர்ட் எடுக்க இருவர் கையெழுத்தும் போட்ட இணைப்பு 'டி' உறுதிமொழி வேண்டும், ஆனால் இன்னொருவர் சம்மதம் கிடைக்காதபோது ஒருவரே கொடுக்கும் இணைப்பு 'சி' என்று ஒன்றும் இருக்கிறது. அதனால் "என் கையெழுத்து இல்லாம எடுக்க முடியாது" என்று உட்கார்ந்திருக்க வேண்டாம். வழக்கு நடக்கிறது என்று மதுரை மண்டல பாஸ்போர்ட் அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள், கூடவே கோர்ட்டில் தடை உத்தரவும் கேளுங்கள், வெறும் கடிதத்தைவிட உத்தரவுக்குத்தான் மதிப்பு. பிள்ளை அமெரிக்கக் குடிமகன் என்றால், புது பாஸ்போர்ட்டுக்கு யாராவது விண்ணப்பித்தால் உங்களுக்குச் சொல்லும் எச்சரிக்கைத் திட்டம் அவர்களிடம் உண்டு, பதிந்து வையுங்கள்.

விமான நிலையத்தில் நிறுத்த லுக்அவுட் சர்க்குலர் வேண்டும். கோர்ட் உத்தரவு மூலமோ போலீஸ் உயர் அதிகாரி கேட்டோ குடிநுழைவுத் துறை போடுவது அது. மதுரை ஏர்போர்ட்டில் தெரிந்தவரிடம் சொல்லிவைத்தால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. நம் ஊரிலிருந்து திருவனந்தபுரம் சில மணி நேரம்தான், போகிறவர் அங்கேதான் போவார்.

கூட்டிவந்தவர் நீங்கள் என்றால்

அடி தாங்காமல் பிள்ளையை வாரிக்கொண்டு வந்த பெண்ணுக்கும் இது பொருந்தும். ஒளியாதீர்கள். வந்த கையோடு நீங்களே கோர்ட்டுக்குப் போங்கள். குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005ன்படி நீங்கள் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் இடத்திலேயே மனு போடலாம், அதன் 21ஆம் பிரிவில் பிள்ளையைத் தற்காலிகமாக உங்களிடம் வைத்துக்கொள்ளவும் உத்தரவு கேட்கலாம். அங்கே போலீஸைக் கூப்பிட்ட பதிவு, ஆஸ்பத்திரிச் சீட்டு, பக்கத்து வீட்டுக்காரர் அனுப்பிய செய்தி, எல்லாவற்றையும் சேருங்கள். அந்த நாட்டு கோர்ட் நோட்டீஸ் வந்தால் கிழித்துப் போடாமல் வக்கீல் வைத்துப் பதில் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஒருதலையாக உத்தரவு போய்விடும். வீடியோ காலை மட்டும் வெட்டாதீர்கள், பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாவது பேசவிடுங்கள்.

இரு தரப்புக்கும் ஒன்று: ஸ்கூல் வாசலில் ஆளை வைத்துப் பிள்ளையைத் தூக்கும் யோசனை மைத்துனனிடமிருந்தோ சித்தப்பாவிடமிருந்தோ கட்டாயம் வரும். கேட்காதீர்கள். ஜெயிக்க வேண்டிய வழக்கும் அன்றோடு போய்விடும்.

ஒத்துப்போவதாக முடிவானால்

மதுரைக் கிளையிலேயே சமரச மையம் இருக்கிறது. ஊர்ப் பெரியவர்கள் முன் வெள்ளைத்தாளில் எழுதி வாங்கும் ஒப்பந்தம் எந்த நாட்டிலும் செல்லாது. இங்கே கோர்ட் உத்தரவாகப் பதிந்து, அதே நிபந்தனைகளை அந்த நாட்டு கோர்ட்டிலும் உத்தரவாக வாங்க வேண்டும், மிரர் ஆர்டர் என்பது அதுதான். அதுவும் முழுக் காப்பு இல்லை. 2020ல் கென்யாவில் இருந்த தகப்பனிடம் பிள்ளையை அனுப்பும் முன் உச்ச நீதிமன்றம் நைரோபி நீதிமன்றத்தில் மிரர் ஆர்டர் வாங்கச் சொன்னது. அவரும் வாங்கிக்கொடுத்துப் பிள்ளையைக் கூட்டிப்போனார், அப்புறம் நிபந்தனைகளைக் காற்றில் விட்டார். 2021ல் நீதிமன்றம் தன் உத்தரவையே திரும்பப் பெற்று, சிபிஐ வழக்குப் பதியச் சொல்ல வேண்டி வந்தது. ஆகவே விடுமுறைக்கு யார் டிக்கெட் எடுப்பது, திரும்பிப் போகும் தாய்க்கு அங்கே தனி வீடும் செலவுக்குப் பணமும் எப்படி, அங்குள்ள கிரிமினல் புகாரை எந்தத் தேதிக்குள் வாபஸ் வாங்குவது, மீறினால் எவ்வளவு வைப்புத்தொகை போகும் என்பதெல்லாம் தேதியோடும் தொகையோடும் எழுத்தில் இருக்கட்டும்.

பயண நாளுக்கு முன் ஒன்றைச் சரிபாருங்கள். வெளிநாட்டு பாஸ்போர்ட்டில் வந்த பிள்ளையின் விசா இங்கே காலாவதியாகியிருந்தால், வெளியேறும் அனுமதி இல்லாமல் குடிநுழைவு கவுன்டரில் நிறுத்திவிடுவார்கள். வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தின் இ-எஃப்ஆர்ஆர்ஓ இணையதளத்தில் விண்ணப்பித்து வாங்க வேண்டும், அபராதமும் இருக்கலாம். கோர்ட்டில் ஒப்படைத்த பாஸ்போர்ட்டைத் திரும்ப வாங்கவும் தனி உத்தரவு தேவை. இவை இரண்டும் கைக்கு வந்த பிறகு டிக்கெட் போடுங்கள்.